வில்லங்கச் சான்றில் ஒரு வம்சம்: பதிவுத்துறைச் சேவையைக் குடும்ப வரலாற்றுக்குப் பயன்படுத்திய அனுபவம்

மயிலாடுதுறையின் மேற்குப் பகுதியாகிய கூறைநாட்டில் எங்கள் கொள்ளுத்தாத்தா வாங்கிய ஓட்டு வீடு இருந்த மனையில், இன்று கீழே கடைகளும் மேலே வாடகை அறைகளுமாக ஒரு கட்டடம் நிற்கிறது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமான பிறகு நகரத்தின் மனை விலை ஏறியது; தெருவில் பாதி வீடுகள் கைமாறின; எங்கள் வீடும் அவற்றுள் ஒன்று. வீடு போன பிறகுதான் அந்த வீட்டில் யார் யார் வாழ்ந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று. கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் எஞ்சியிருந்தவர் என் அம்மா மட்டுமே. அவருக்குத் தன் மாமனாரின் தந்தை பெயர் வரைதான் தெரிந்திருந்தது.

முதலில் வம்சாவளி வரைந்து தருவதாக விளம்பரம் செய்யும் ஓர் இணையத்தளத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன். குடும்பப் பெயரைக் கேட்டது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மாறிவிடும். என் முதலெழுத்தையே குடும்பப் பெயராகக் கொண்டு, எந்த உறவும் இல்லாத நூற்றுக்கணக்கானோரை அந்தத் தளம் என் பங்காளிகளாகக் காட்டியது. ஒரு மாதத்தில் அதிலிருந்து விலகினேன். அதன் பிறகு, வீடு விற்றபோது கைக்கு வந்த வில்லங்கச் சான்றை, அதாவது அந்தச் சொத்தைப் பற்றிப் பதிவான ஆவணங்களின் பட்டியலை, ஒரு மாலை நேரத்தில் நிதானமாகப் படித்தபோதுதான், நான் தேடிக்கொண்டிருந்தது ஏற்கெனவே என் கையில் இருக்கிறது என்பது புரிந்தது.

வில்லங்கச் சான்றை வீட்டுக் கடனுக்கும் கிரயத்துக்கும் கேட்கப்படும் காகிதம் என்று மட்டுமே நாம் எண்ணுகிறோம். ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு பதிவிலும் எழுதிக்கொடுத்தவர் பெயர், எழுதிவாங்கியவர் பெயர், ஆவணத்தின் தன்மை, பதிவான நாள், கைமாற்றுத்தொகை, சொத்து விவரம், எல்லைகள் ஆகியவற்றோடு முந்தைய ஆவண எண் என்று ஒன்றும் இருக்கிறது. வரலாறு தேடுபவருக்கு அந்த எண்தான் ஏணிப்படி. எங்கள் வீட்டு விற்பனைப் பதிவிலிருந்து 1978ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைக்கு அந்த எண் வழியாகவே போனேன். பாகப்பிரிவினை ஆவணத்தின் நகலை வாங்கிப் படித்தபோது, அதன் முகவுரையில் வீடு குடும்பத்துக்கு வந்த விதம் சொல்லப்பட்டு, 1931ஆம் ஆண்டின் கிரயப் பத்திரம் எண்ணோடும் தொகுதியோடும் பக்கத்தோடும் குறிக்கப்பட்டிருந்தது. நிலம் வாங்குவோர் அதைத் தாய்ப்பத்திரம் என்பார்கள். எனக்கு அந்தச் சொல் அன்றுதான் முழுப் பொருளோடு விளங்கிற்று.

இணையவழிச் சேவையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பதிவுத்துறையின் தளத்தில் பயனராகப் பதிந்துகொண்டு, மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண் (சர்வே எண்), உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுத்தால் வில்லங்க விவரத்தைக் கட்டணம் இல்லாமல் திரையில் பார்க்க முடிகிறது. 1975க்குப் பிந்தைய காலத்துக்கு இது மிக எளிது. ஆவண எண்ணும் ஆண்டும் தெரிந்திருந்தால் சொத்து விவரம் இல்லாமலும் தேடலாம். சான்றிட்ட நகலுக்கு மட்டும் கட்டணம் உண்டு. தனியார் வம்சாவளித் தளங்கள் கேட்கும் சந்தாவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. ஒரு சாதாரணக் குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெயர்களை வீட்டில் உட்கார்ந்தபடியே எடுக்க இதைவிட நம்பகமான வழியை நான் காணவில்லை.

ஆனால் ஆவண எண் கையில் இல்லாதபோது, புல எண்ணும் தெரியாமல் இந்தச் சேவையில் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். சிற்றூர் நிலங்களில் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பட்டா எண்களும் உட்பிரிவுகளும் மாறின. நகரப் பகுதியில் வார்டு, பிளாக், நகரளவை எண் என்று வேறொரு வரிசை வந்துவிட்டது. பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த பிறகே தேடலில் பொருள் இருக்கும். ஊர்ப்பெயரும் மாறியிருக்கிறது. 1982 வரை மாயூரம் என்றும் மாயவரம் என்றும் வழங்கிய ஊர் இது. பழைய பத்திரங்களில் ‘தஞ்சாவூர் ஜில்லா மாயவரம் தாலுக்கா’ என்று இருக்கும். 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தபோது மாவட்டம் மாறியது. 2020இல் மீண்டும் மாறியது. ஒரே வீடு, ஒரே வாசல், மூன்று மாவட்டங்கள். எந்தக் காலத்துப் பதிவு எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பித்தால் அலைச்சல்தான் மிஞ்சும்.

1975க்கு முந்தைய பதிவுகளுக்குப் பெரும்பாலும் எழுதிக் கொடுத்து, பழைய அட்டவணைகளைக் கைமுறையாகத் தேடச் செய்ய வேண்டும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்து ஆவணங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம், நகலும் பெறலாம். இதைப் பலர் அறியாமல், ‘இது எங்கள் சொத்து இல்லையே, கேட்டால் தருவார்களா?’ என்று தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. உயில்களுக்கு மட்டும் விதி வேறு: எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் நகல் கிடைக்கும், மறைந்த பிறகு யாரும் கேட்கலாம். குடும்ப வரலாற்றுக்கு உயிலைப் போல் உதவும் ஆவணம் வேறில்லை என்பதால் இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1931ஆம் ஆண்டுப் பத்திரத்தின் நகல் கைக்கு வந்த நாளை மறக்க மாட்டேன். ‘பிரமோதூத வருஷம் தை மாதம்’ என்று அது தொடங்கியது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் பிரமோதூத 1870இலும் 1930இலும் 1990இலும் வருவதால், ஆங்கிலத் தேதி இல்லாத வீட்டுக் காகிதங்களைப் படிக்கும்போது மயங்க நேரிடும். இதில் தேதி தெளிவாக இருந்தது. கிஸ்து எனப்படும் நிலவரி ரசீது போன்றவற்றில், வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டான பசலி மட்டும் இருந்தால் அதனோடு 590ஐக் கூட்டிக்கொள்ளலாம். பசலி 1340 என்பது 1930 ஜூலையில் தொடங்கி 1931 ஜூனில் முடிந்த ஆண்டு.

பத்திரத்தில் கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு முன்னால் அவருடைய தந்தையின் பெயரும், அவர்கள் அதுவரை குடியிருந்த கிராமத்தின் பெயரும், தொழிலும் எழுதப்பட்டிருந்தன. என் அம்மா உட்பட எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டிராத எள்ளுத்தாத்தாவின் பெயர் அந்த ஒரு வரியில் கிடைத்தது. விற்றவர் எதற்காக விற்றார் என்பதும் இருந்தது: பிராமிசரி நோட்டுக் கடனைத் தீர்ப்பதற்காக. நெல் விலை சரிந்து, காவிரிப் படுகையில் கடன்பட்டவர்கள் நிலத்தையும் வீட்டையும் இழந்த காலம் அது. எங்கள் குடும்பம் நகரத்துக்கு வந்து காலூன்றியது இன்னொரு குடும்பம் வீட்டை விட்டு இறங்கிய அதே நாளில்தான் என்பதை அந்தப் பத்திரத்தைப் படிக்கும்வரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. அந்த வீட்டைப் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ ஆண்டு அனுபவித்துக்கொள்ளும்படி அவர் எழுதிக்கொடுத்திருந்தார். பத்திர எழுத்தரின் வழக்கமான வாசகம்தான். ஆனாலும் அந்த இடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

நகலைப் பெறுவோர் ஒன்றை எதிர்பார்க்கக் கூடாது. பழைய பத்திரங்களை அலுவலகத்தில் எழுத்தர்கள் தொகுதிப் புத்தகத்தில் கையால் படியெடுத்து வைத்தார்கள். ஆகவே நமக்குக் கிடைப்பது எழுத்தரின் கையெழுத்து. தாத்தாவின் ஒப்பம் அங்கே அவருடைய பெயராக மட்டும் இருக்கும், அவர் போட்ட வடிவத்தில் இருக்காது. மூலப்பத்திரம் வீட்டுப் பெட்டியில் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். படிப்பதற்கும் பழக்கம் வேண்டும். புள்ளியிடாத மெய்களும், 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, றா வடிவங்களும், ‘மேற்படி’ என்பதற்கு வரும் ‘ஷை’ என்ற குறியும், சொத்து விவரத்தைக் குறிக்கும் ‘தபசில்’ போன்ற சொற்களும் தொடக்கத்தில் தடுமாற வைக்கும். பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர் ஒருவர் இருந்தார். இரண்டு மாலைகள் அவரோடு உட்கார்ந்து படித்தேன். குழி, மா, வேலி என்று நிலஅளவு வரும்போது, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, ஒரு வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கர் என்ற கணக்கையும் அவர்தான் பழக்கிவிட்டார்.

ஊர் வரலாறு தேடுவோர் நான்கெல்லையைத் தவற விடக் கூடாது. கிழக்கே இன்னார் தறிவீடு, தெற்கே வீதி, மேற்கே இன்னார் மனை, வடக்கே வாய்க்கால் என்று ஒவ்வொரு பத்திரமும் தன் அண்டை வீட்டாரைப் பெயர் சொல்லி அழைத்து நிறுத்துகிறது. எங்கள் தெருவின் ஆறு வீட்டுப் பத்திரங்களின் எல்லைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, 1930களின் தெரு ஏறத்தாழ முழுமையாக ஒரு தாளில் வந்துவிட்டது. கூறை என்றால் புடவை. மணப்பெண்ணுக்கு உடுத்தும் கூறைப்புடவைக்குப் பெயர்போன ஊரில் இன்று எங்கள் தெருவில் தறிச் சத்தம் இல்லை. ஆனால் எல்லைகளில் நான்கு இடங்களில் தறிவீடு என்று வருகிறது. உறவினர் ஒருவரின் மன்னம்பந்தல் நிலத்துப் பத்திரத்தில் ‘தரங்கம்பாடி ரயில்வே லைனுக்கு வடக்கு’ என்று ஓர் எல்லை இருந்தது. 1926இல் போடப்பட்டு 1986இல் நிறுத்தப்பட்ட அந்தப் பாதை இன்று இல்லை. அதே மன்னம்பந்தலில்தான் புதிய மாவட்ட ஆட்சியர் அலுவலகம் எழுந்திருக்கிறது. தண்டவாளம் போன பிறகும் பத்திரத்தின் எல்லையில் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சேவையின் பெருங்குறை அலுவலகத்தைச் சார்ந்தது அன்று. பதிவு என்ற ஏற்பாட்டின் இயல்பைச் சார்ந்தது. விற்பனை, அடமானம், ஒத்தி, பிரிவினை என்று சொத்துக்கு ஏதாவது நேர்ந்தால்தான் பதிவு உண்டாகும். ஒற்றுமையாக இருந்து, தகப்பன் வீட்டில் மகன் அப்படியே குடியிருந்தால் அறுபது ஆண்டுகளுக்கும் ‘வில்லங்கம் ஏதும் இல்லை’ என்றே சான்று வரும். என் நண்பர் ஒருவர் அப்படி வந்த சான்றைப் பார்த்து, தன் குடும்பத்துக்கு ஊரில் வேரே இல்லையோ என்று மனம் வருந்தினார். சண்டையிடாமல் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். நூறு ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள விற்பனைகளுக்குப் பதிவு கட்டாயம் இல்லை என்பதால், அந்தக் காலத்தில் சிறு குடிசை மனை வாங்கியவர்கள் பலர் இந்தப் புத்தகங்களில் இல்லை. நிலமே இல்லாதவர்கள், புறம்போக்கில் குடியிருந்தவர்கள், பண்ணையாள்களாக இருந்தவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு இந்தச் சேவையால் பயன் மிகக் குறைவு. அவர்கள் நகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவேடுகளையும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளையும் நாட வேண்டும். பழைய பிறப்புப் பதிவுகளில் குழந்தையின் பெயர் இல்லாமல் ‘ஆண்’, ‘பெண்’ என்று மட்டும் இருப்பதும் உண்டு. நிலம் உள்ளவர்களின் வரலாறு மட்டுமே ஊரின் வரலாறாகிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் இந்த மதிப்பீட்டை எழுதுவது நேர்மையாகாது.

பெண்களைப் பொறுத்தவரை நிலைமை காலத்துக்குக் காலம் மாறுகிறது. 1931ஆம் ஆண்டுப் பத்திரத்தில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பின் வந்த பிரிவினைகளில் விதவைகளும் மகள்களும் தென்படத் தொடங்குகிறார்கள். 1989இல் தமிழ்நாட்டில் மகளுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமை தரப்பட்டது. ஆனால் மகள்கள் அந்த உரிமையைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரங்களையே நான் மிகுதியாகக் கண்டேன். விட்டுக்கொடுத்த அந்தக் காகிதத்தில்தான் அவர்களுடைய முழுப்பெயர், கணவர் பெயர், புகுந்த ஊர் எல்லாம் பதிவாகியிருக்கின்றன.

எங்கள் குடும்பத்தில் மணல்மேட்டு அத்தை என்று ஒருவரைச் சொல்வார்கள். தாத்தாவின் தங்கை, மணல்மேட்டில் வாழ்க்கைப்பட்டவர், பிள்ளைகள் இல்லை. அவருடைய இயற்பெயர் யாருக்கும் நினைவில் இல்லை. 1978ஆம் ஆண்டின் பிரிவினையோடு சேர்த்து அவர் எழுதிக்கொடுத்திருந்த விடுதலைப் பத்திரத்தின் நகல் சென்ற ஆவணி மாதம் கிடைத்தது. முதல் பக்கத்திலேயே பெயர் இருந்தது. வம்சாவளித் தாளில் தாத்தாவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த கட்டத்தில் அதை எழுதச் சொல்லித் தாளை அம்மாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி ஒரு முறை உரக்கப் படித்துவிட்டு, பிறகு எழுதினார்.