தோல் லிம்ஃபோமா கிளினிக்: அப்பாவைக் கூட்டிப்போன அனுபவம்

அப்பாவுக்கு இடுப்பிலும் தொடையிலும் செதில் செதிலாகச் சிவந்த திட்டுகள். முதலில் எக்ஸிமா என்றார்கள், பிறகு சொரியாசிஸ் என்றார்கள். களிம்பு தடவினால் மங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். இப்படியே வருடங்கள் ஓடின. இந்தக் கிளினிக்கில்தான் அது மைகோசிஸ் ஃபங்காய்டிஸ், அதாவது டி செல் என்ற வெள்ளை அணுக்களிலிருந்து தோலில் வரும் ஒருவகைப் புற்றுநோய் (லிம்ஃபோமா) என்று தெரிந்தது.

இங்கே காட்டிய இடத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பவில்லை. வெயில் படாத இடங்களில்தான் இது பெரும்பாலும் முதலில் தலைகாட்டும் என்பதால், உள்ளாடை மறைக்கும் பகுதிவரை நல்ல வெளிச்சத்தில் பார்த்தார்கள். அப்பா கூச்சப்பட்டபோது, "அவசரமில்லை ஐயா, மெதுவாகப் பார்க்கலாம்" என்றார் டாக்டர். விரல்களோடு சேர்த்து அப்பாவின் உள்ளங்கை அளவை உடம்பில் 1 சதவீதம் என்று வைத்துத் திட்டுகளைக் கணக்கிட்டார். மொத்தம் 10 சதவீதத்துக்குக் கீழே. கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பார்த்தார்.

பயாப்ஸியை, அதாவது சோதனைக்கான தோல் துண்டை, உடனே எடுக்கவில்லை. ஸ்டீராய்டு களிம்பு தடவிய தோலில் நோயின் அடையாளம் மங்கிவிடும் என்று சில வாரம் அதை நிறுத்தச் சொன்னார்கள். அப்புறம் வெவ்வேறு திட்டுகளிலிருந்து எடுத்தார்கள். முதல் ரிப்போர்ட்டில் தெளிவான முடிவு இல்லை. அதோடு விட்டுவிடாமல் மறுபடி எடுத்து, அந்த டி செல்கள் ஒரே அணுவிலிருந்து பெருகியவையா என்று பார்க்கும் டி செல் ரிசப்டர் மரபணுச் சோதனையும் செய்தார்கள். தோல் மருத்துவர், திசுவை ஆராயும் பேத்தாலஜிஸ்ட், புற்றுநோய் மருத்துவர் மூவரும் சேர்ந்து பேசிய பிறகே நோயின் பெயரைச் சொன்னார்கள். இந்த நிதானத்துக்காகவே இவர்களை நம்புகிறேன்.

கீமோ என்று நடுங்கிப் போயிருந்தோம். ஆரம்பநிலை என்பதால் ஒளி சிகிச்சையே போதும் என்றார்கள். 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள யுவிபி என்ற புற ஊதாக் கதிர். சுற்றிலும் குழல் விளக்குகள் உள்ள பெட்டிக்குள் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். தொடக்கத்தில் கொஞ்ச நேரம், தோல் தாங்குவதைப் பார்த்து மெல்லக் கூட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் முந்தைய நாள் தோல் சிவந்ததா, எரிந்ததா என்று கேட்காமல் நர்ஸ் சுவிட்சைத் தொடுவதே இல்லை. அப்பாவின் தொடைத் திட்டுகள் இப்போது வெளிறிவிட்டன. அரிப்பு அடங்கி நிம்மதியாகத் தூங்குகிறார்.

குறை என்றால் காத்திருப்புதான். ரிப்போர்ட் வரும்வரை யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை, நாமேதான் கேட்க வேண்டும். வாரம் மூன்று தடவை வருவதும் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சிரமம்.

ஆறாத திட்டோடு அலைகிறவர்கள் ஒருமுறை இங்கே காட்டுங்கள். பழைய பயாப்ஸி ஸ்லைடுகள் இருந்தால் கையோடு கொண்டு போங்கள், அவற்றையும் மறுபடி பார்க்கிறார்கள்.