ராணுவத்தில் இருக்கும் தம்பிக்குக் கத்தி வாங்கினேன், ஏமாந்தேன்: பிடிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமல் வாங்காதீர்கள்

என் தம்பி ராணுவத்தில் நாயக். இப்போது லடாக் பக்கம் இருக்கிறான். பொங்கலுக்கு லீவு கிடைத்துவிட்டது என்று போன் வந்ததும், இந்தத் தடவை அவனுக்கு உருப்படியாக ஏதாவது வாங்கித் தரவேண்டும் என்று முடிவு செய்தேன். நல்ல கத்தி ஒன்று வேண்டும் என்று ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான். மடக்குக் கத்தி வேண்டாம், உறையில் செருகி வைக்கிற மடங்காத கத்திதான் வேண்டும் என்பான். அந்தக் குளிரில் கை எப்போதும் கையுறைக்குள்ளேயே இருக்குமாம். மடக்குக் கத்தியை விரலால் நிமிர்த்தித் திறப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடுமாம். கயிறு அறுப்பது, ரேஷன் பெட்டி பிரிப்பது, கட்டை சீவுவது என்று தினம் ஏதாவது வேலை இருக்கும் என்றான்.

எனக்குக் கத்தியைப் பற்றி அரிவாள்மனைக்கு மேல் எதுவும் தெரியாது. இணையத்தில் தேடியபோது ஒரு கடை முதலில் வந்து நின்றது. பச்சை நிற உறை, கறுப்பு ரப்பர் பிடி, 7 அங்குல அலகு. "மிலிட்டரி கிரேடு, டி2 ஸ்டீல், ஃபுல் டாங்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். விலை ₹3,850. கூட ₹250 கொடுத்தால் அலகில் பெயர் பொறித்துத் தருவதாகவும் சொன்னார்கள். தம்பி பெயரையும் ரெஜிமெண்ட் பெயரையும் பொறிக்கச் சொன்னேன். அந்த ₹250 எனக்கு எவ்வளவு பெரிய இடைஞ்சலாக மாறியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

டிசம்பர் முதல் வாரத்திலேயே பார்சல் வந்துவிட்டது. மரப்பெட்டி, உள்ளே சிவப்பு வெல்வெட் துணி. கையில் எடுத்தபோது நல்ல கனம். பார்த்துவிட்டு அப்படியே மூடி பீரோவில் வைத்துவிட்டேன்.

தம்பி வந்து பெட்டியைத் திறந்ததும் அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! "எதுக்குக்கா இவ்ளோ செலவு" என்று சொல்லிக்கொண்டே பெயரைத் தடவித் தடவிப் பார்த்தான். மறுநாள் காலை கொல்லையில் வெந்நீர் அடுப்புக்கு வேலிக்காத்தான் விறகு கிடந்தது. அதில் என் மணிக்கட்டு கனம் இருந்த ஒரு துண்டை நிறுத்தி, தலைப்பில் கத்தியை வைத்து, இன்னொரு கட்டையால் அலகின் முதுகில் தட்டினான். இப்படித்தான் அங்கே விறகு பிளப்போம் என்று என் பையனுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவது தட்டில் டக் என்று ஒரு சத்தம். பிடி தம்பி கையில் இருந்தது. அலகு சுழன்று போய் என் பையன் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி மண்ணில் விழுந்தது. அவனுக்கு ஒன்பது வயது. செருப்புகூடப் போடாமல் நின்றிருந்தான்.

அந்தப் பிடியைத் தெருமுனையில் உள்ள கொல்லுப்பட்டறைக்கு எடுத்துப்போனோம். பட்டறைப் பெரியவர் நாற்பது வருடமாக அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கிறவர். ரப்பரைக் கீறிப் பிரித்துக் காட்டினார். உள்ளே, பென்சில் பருமனில் ஒரு கம்பி. ஒன்றரை அங்குலம்கூட இருக்காது. அலகின் அடியில் அதைப் பற்றவைத்திருக்கிறார்கள், அந்தப் பற்றுதான் விட்டுப்போயிருக்கிறது. கம்பியைச் சுற்றி மிச்ச இடம் முழுக்க மஞ்சளாகப் பசை. பிடியின் அடிப்பக்கத்தில் இரும்பு வெளியே தெரிவது போல ஒரு வில்லை இருந்ததே, அது சும்மா ஒட்டிவைத்தது. நான் நல்ல கனம் என்று நினைத்தேனே, அதில் பாதி, கை அலகுக்கு வழுக்காமல் இருக்கப் பிடிக்கு முன்னால் வைத்த தடுப்புத் துண்டின் கனம்.

அப்புறம் ஓர் அரத்தை எடுத்து அலகின் வாயில் இழுத்தார். சரசரவென்று கடித்துத் துகள் உதிர்ந்தது. "தோய்ச்சலே சரியா போடலம்மா இதுக்கு. பதம் ஏறின இரும்புல அரம் வழுக்கிட்டுப் போவும்" என்றார். பட்டறையில் அடித்து வைத்திருந்த ஒரு கொடுவாளில் அதே அரத்தை இழுத்துக் காட்டினார். அது லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. அரம் கீச்சென்று வழுக்கியது. டி2 என்பது கார்பன் ஒன்றரை சதவீதமும் குரோமியம் பன்னிரண்டு சதவீதமும் உள்ள கெட்டியான கருவி எஃகு. அலகில் டி2 என்று பொறிக்க எந்த எஃகும் தேவையில்லை, ஓர் இயந்திரம் இருந்தால் போதும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஃபுல் டாங் என்றால் என்ன என்று தம்பிதான் விளக்கினான். அலகும் பிடிக்குள் போகும் இரும்பும் ஒரே துண்டாக இருக்கவேண்டும், பிடியின் அதே அகலத்தில் கடைசி வரை ஓடவேண்டும். பிடியின் விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் இரண்டு பக்கக் கட்டைக்கு நடுவே இரும்பு தெரியும். முழுக்க ரப்பர் மூடிய பிடியில் அதைப் பார்க்க வழியில்லை. அதற்காக ரப்பர் பிடி எல்லாமே மோசம் என்று நினைக்கவேண்டாம். குளிர் தேசத்தில் வெறும் இரும்பு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு தோலை உரிக்கும், அதனால் ரப்பர் பிடி அங்கே நல்லதுதான். ஒல்லியான இரும்பும் தன்னளவில் குற்றம் இல்லை. அமெரிக்க மரைன் படை 1942இல் ஏற்றுக்கொண்ட கேபார் கத்தியிலும் பிடிக்குள் போவது ஒடுக்கமான இரும்புதான். ஆனால் அது அலகோடு ஒரே துண்டு. தோல் வளையங்களுக்கு நடுவே அடிவரை போய் அங்கே பூட்டப்பட்டிருக்கும். எனக்கு வந்தது பற்றவைத்த துண்டுக் கம்பி, அதற்கு ஃபுல் டாங் என்று பெயர்.

ஆகவே விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பிடி மாட்டுவதற்கு முன்னால் எடுத்த வெறும் இரும்பின் படம் இருக்கிறதா? நேர்மையாகச் செய்கிறவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டுவதில் ஒரு சிரமமும் இல்லை. நான் பிறகு விசாரித்தபோது இரண்டு பேர் அன்றைக்கே அனுப்பினார்கள். எனக்கு விற்ற கடை, நான் கேட்டதும் "அது கம்பெனி ரகசியம் மேடம்" என்றது.

மிலிட்டரி கிரேடு என்ற சொல்லுக்கும் ஒரு மதிப்பும் கிடையாது. எஃகு என்ன, கடினம் ராக்வெல் அளவில் எத்தனை, அலகின் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். விறகு பிளக்கிற கத்திக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் கனம், 4 முதல் 5 அங்குல நீளம் போதும் என்று தம்பி சொல்கிறான். முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் திசைகாட்டி, தீக்குச்சி வைக்க ஓட்டை என்று வருகிறவற்றைத் தொடவே வேண்டாம். பிடி உள்ளே வெற்றிடமாக இருந்தால் இரும்பு எங்கே போகும்?

அதே கடையில் டமாஸ்கஸ் கத்தி என்று, அலகில் அலையலையாக வரி ஓடுகிற ஒன்று ₹6,000க்கு இருந்தது. அதைத்தான் முதலில் வாங்க நினைத்தேன். பழைய டமாஸ்கஸ் வாள்களுக்குப் பெயர் வாங்கித் தந்ததே நம் தென்னாட்டு உருக்குதான். கொடுமணல் அகழாய்வில் அந்த உருக்கைக் காய்ச்சிய உலைகளின் தடயம் கிடைத்திருக்கிறது. இன்றைக்கு விற்பவை அடுக்கடுக்காக இரும்பைப் பற்றவைத்து அடிப்பவை. அதிலும் மலிவானவற்றில் சாதா தகட்டின் மேல் அமிலத்தாலோ லேசராலோ வரி போட்டுவிடுகிறார்கள். மெல்லிய எமரி தாளால் தேய்த்தால் அந்த வரி போய்விடும், பிறகு அமிலத்தில் வைத்தாலும் திரும்பி வராது.

இப்போது பணத்தைத் திருப்பிக் கேட்ட கதை. முதல் பதில்: ஏழு நாளுக்குள் சொல்லியிருக்கவேண்டும். பரிசு வாங்குகிற எல்லாரும் மாட்டுவது இங்கேதான். நாம் வாங்கி ஒரு மாதம் கழித்துத்தானே கொடுக்கிறோம்! பார்சல் வந்த அன்றே பிரித்து, வீடியோ எடுத்து, ஒரு கட்டையில் நாலு தட்டு தட்டிப் பார்த்திருக்கவேண்டும். இரண்டாவது பதில்: பெயர் பொறித்த பொருளைத் திருப்பி எடுக்கமாட்டோம். பொறிக்கிற ஆசையைக் கிளப்பியதே அவர்கள்தான். மூன்றாவது: கட்டையால் தட்டியது தவறான பயன்பாடு. அவர்கள் இணையப் பக்கத்திலேயே ஒருவர் அதே கத்தியால் விறகு பிளக்கிற வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதை உடனே பதிவு செய்து வைத்துக்கொண்டேன். மறுவாரம் அந்த வீடியோ காணாமல் போய்விட்டது. கடைசியாக, அடுத்த பொருளுக்கு 20 சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். குழந்தை காலில் விழவிருந்த அலகுக்கு அது அவர்கள் போட்ட விலை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே பேசிப் புகார் பதிவு செய்தேன். கடைக்காரர் அங்கேயும் பழைய பதிலையே எழுதினார். சரி என்று, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போடலாம். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் நம் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவேண்டும். அந்தக் கடையின் பக்கத்தில் அப்படி ஒரு பெயரும் இல்லை, எந்த நாட்டில் செய்தது என்றும் இல்லை. வாங்குவதற்கு முன் நான் இந்த இரண்டையும் தேடியிருந்தால் அப்போதே விலகியிருப்பேன்.

இன்னொன்று. பெரிதாக இருந்தால் கெத்து என்று நீளமாக வாங்கிவிடாதீர்கள். வீட்டு வேலை, விவசாய வேலைக்கு என்று செய்யாத கத்தியின் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் 2016 ஆயுத விதிகளின் பட்டியலுக்குள் வந்துவிடும். விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் போகாது. ராணுவத்தில் இருப்பவருக்கு வாங்குவதானால், யூனிட்டில் இதை வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆச்சரியப்படுத்தலாம் என்று நான் கேட்காமல் இருந்துவிட்டேன்.

லீவு முடிவதற்குள் பட்டறைப் பெரியவரே ஸ்பிரிங் பட்டையில் நாலரை அங்குலத்துக்கு ஒரு கத்தி அடித்துக் கொடுத்தார். இரும்பு பிடியின் கடைசி வரை ஓடுகிறது, இரண்டு பக்கமும் கருவேலங்கட்டை வைத்து மூன்று ஆணி அறைந்திருக்கிறார். துருப்பிடிக்கும், எண்ணெய் தடவி வை என்று தம்பியிடம் சொல்லி அனுப்பினார். ₹900 வாங்கிக்கொண்டார். தம்பி அதைக் கொல்லையில் ஒரு மணி நேரம் போட்டு அடித்துப் பார்த்துவிட்டுத்தான் டிரங்குப் பெட்டியில் வைத்தான்.

அவன் பெயர் பொறித்த பழைய அலகு ஆணையத்தில் காட்டுவதற்காக என் பீரோவில் இருக்கிறது.