லினக்ஸில் ஒலி வரவில்லை: ஃபர்ம்வேரா, பழைய டிரைவரா?

லினக்ஸ் போட்ட இன்டெல் லேப்டாப்பில் ஒலி அமைப்பைத் திறந்தால் 'டம்மி அவுட்புட்' (ஒலிக் கருவி எதுவும் கிடைக்கவில்லை என்று பொருள்) மட்டும் நிற்கிறதா? பெரும்பாலும் இரண்டு வழி உண்டு: ஒலிச் சிப்புக்குள் ஓடும் எஸ்ஓஎஃப் (சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்) என்ற ஃபர்ம்வேரை நிறுவலாம், அல்லது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை ஹெச்டிஏ என்ற பழைய ஒலி டிரைவருக்குத் திருப்பிவிடலாம்.

அதிகம் கைமாறும் வைத்தியம் இரண்டாவதுதான். டிரைவர்களை எப்படி ஏற்றுவது என்று கர்னலுக்குச் சொல்லும் மோட்புரோப் அமைப்பில் ஒரே வரி, டிஎஸ்பி (ஒலியைக் கையாளும் சிப்) டிரைவர் மதிப்பு 1, ஒரு ரீபூட். ஸ்பீக்கர் பேசிவிடும். நானும் அப்படிச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் வீடியோ காலில் எதிர்முனையில், "பேசுறது கேக்கலையே!" உள்ளே இருக்கும் டிஜிட்டல் மைக் டிஎஸ்பி வழியாகத்தான் வரும், பழைய டிரைவருக்கு அது கண்ணிலேயே படாது. ஒலிச் சிப்புகளைச் சவுண்ட்வயர் என்ற இணைப்பில் கோத்திருக்கும் புது மாடல்களில் ஸ்பீக்கரும் கிடையாது.

எஸ்ஓஎஃப் 2018-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அறிவித்த திறமூலத் திட்டம். கர்னல் பதிவில் ஃபர்ம்வேர் ஏறவில்லை, பிழை -2 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். கார்டு கெட்டுப்போகவில்லை, கோப்பு டிஸ்கில் இல்லை, அவ்வளவுதான். டெபியன் 12 என்றால் மென்பொருள் மூலப் பட்டியலில் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பிரிவைச் சேர்த்து எஸ்ஓஎஃப் தொகுப்பை நிறுவுங்கள். மைக்கும் சேர்ந்தே வரும். அப்புறமும் மௌனமா? ஆல்சாமிக்சர் என்ற ஒலியளவுக் கருவியில் 'எம்எம்' என்று தெரிந்தால் அது மியூட்.

சவுண்ட்வயர் இல்லாத மாடலில் தனி யுஎஸ்பி மைக் வைத்திருப்பவருக்குப் பழைய டிரைவரே போதும். மற்றவர்களுக்கு என் ஓட்டு ஃபர்ம்வேருக்குத்தான். சரி, ஏற்கெனவே அந்த 1 வரியைப் போட்டிருந்தால் முதலில் அதை அழியுங்கள்; அது இருக்கும்வரை ஃபர்ம்வேர் பக்கம் கர்னல் போகாது.