34 அங்குல அகலத் திரையா, 27 அங்குலமா? மூன்று சுழி சொன்ன தீர்ப்பு

பழைய 22 அங்குலக் கணினித் திரை தீபாவளிக்கு முன் கண்ணை மூடிவிட்டது. கல்யாண அட்டை, கோயில் மலர் என்று தமிழ்ப் பக்கம் வடிவமைப்பது என் பிழைப்பு. கோலாலம்பூர் கெப்போங்கில் இருக்கும் மச்சான் தன்னுடைய 34 அங்குல அகலத் திரையைப் பத்து நாள் கொடுத்து உதவினார். "வாங்குனா இது மாதிரி வாங்குங்க மச்சான்" என்றார். இரண்டு நாள் எனக்கும் அதே எண்ணம்தான். கடைசியில் வாங்கியது 27 அங்குலம்.

இரண்டும் ஐபிஎஸ் பேனல், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை. நிறம் ஏறக்குறைய ஒன்று, விலையிலும் பெரிய வித்தியாசமில்லை.

வித்தியாசம் திரையின் புள்ளி (பிக்சல்) கணக்கில். மச்சான் திரை அகலத்தில் 2560, உயரத்தில் 1080. என்னுடையது 2560-க்கு 1440. அதே 2560 புள்ளியை அங்கே 80 சென்டிமீட்டர் அகலத்துக்கு இழுத்திருக்கிறார்கள், இங்கே 60-க்குள் அடக்கியிருக்கிறார்கள். உயரம் இரண்டுக்கும் சுமார் 34 சென்டிமீட்டர்தான். அங்குலத்துக்கு அங்கே 82 புள்ளி, இங்கே 109. அதே சோற்றைப் பெரிய இலையில் பரப்பிய கதை.

ஆங்கிலம் மட்டும் படிப்பவர்களுக்கு இது அவ்வளவு உறுத்தாது. தமிழுக்கு உறுத்தும். ஏ4 பக்கம் முழுதும் தெரியும்படி வைத்தால், சின்ன எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி மேல்கோட்டோடு ஒட்டிக்கொள்கிறது, ண-வும் ன-வும் அண்ணன் தம்பி ஆகிவிடுகின்றன. மூன்றாம் நாள் ஓர் அட்டையில் 'திருமனம்' என்று விழுந்திருந்ததை நான் பார்க்கவே இல்லை. மாதிரி அச்சில் பெண்ணின் அத்தைதான் கண்டுபிடித்தார். பெரிதாக்கிப் பார்க்கலாம்தான். ஆனால் பெரிதாக்கினால் பக்கம் வெளியே ஓடும், அப்புறம் நாளெல்லாம் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அகலத் திரைக்கும் நியாயம் உண்டு. கணக்குத் தாளையும் மின்னஞ்சலையும் அருகருகே வைத்தால் சுகம். அகலத்துக்கு உயரம் 2.39:1 என்ற அளவில் எடுத்த சினிமா திரையை நிறைக்கும். தொலைக்காட்சித் தொடர் என்றால் இருபுறமும் கறுப்புப் பட்டைதான். கார் பந்தய விளையாட்டுக்கு அதுபோல வராது என்கிறான் அக்காள் மகன். நான் விளையாடுவதில்லை, அவன் சொன்னதோடு சரி.

என் திரையில் குறை இல்லாமல் இல்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்த்தால் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது, மூலைகளில் வெளிச்சம் கசிகிறது. விஏ என்ற இன்னொரு வகைப் பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் சற்று விலகி உட்கார்ந்தால் நிறம் மாறும். அதைக் கடையில் நின்று பார்த்த அனுபவம் மட்டும்தான் எனக்கு.

34 அங்குலத்திலேயே 3440-க்கு 1440 புள்ளி உள்ளது கிடைக்கிறது. கூர்மையும் உண்டு, அகலமும் உண்டு. பணமும் கூட, மேசையும் நீளம் வேண்டும். என் மேசையில் பாதியைப் பிரிண்டர் பிடித்துக்கொண்டது.

வாங்கப் போனால் கடையில் ஓடும் மீன், கிளி காணொளியைப் பார்த்து மயங்காதீர்கள். அதில் எந்தத் திரையும் அழகுதான். நான் கோலாலம்பூரின் கணினிக் கடை வளாகமான லோ யாட் பிளாசாவுக்குப் பென்டிரைவில் அந்தக் கல்யாண அட்டையையே கொண்டுபோனேன். மச்சானுடையது போன்ற அகலத் திரையிலும் பக்கத்து 27 அங்குலத்திலும் முழுப் பக்கமாகத் திறக்கச் சொன்னேன். கடைப் பையன் சீனர், தமிழ் தெரியாது. ண-வைக் காட்டி எத்தனை சுழி என்று கேட்டேன். அகலத் திரையில் குனிந்து பார்த்து "டுவா" என்றார், மலாயில் இரண்டு. 27-க்கு நகர்ந்தார். "எய், தீகா!" மூன்று.