மிச்சிகன் குளிர்காலத்தில் சிமுலேட்டர் வாடகை: காசுக்கு ஏற்ற பயிற்சியா?

மிச்சிகனில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே எதுவும் தெரியாதபோதும் கருவிகளைப் பார்த்தே பறக்கும் தகுதி) வைத்திருக்கும் பிரைவேட் பைலட்டுகளுக்கு நவம்பர் வந்தாலே ஒரு சிக்கல். மேகத்துக்குள் பறந்து பழக வேண்டும். ஆனால் அந்த மேகத்துக்குள் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தைக் கொண்டுபோகக் கூடாது. மிச்சிகன் ஏரி உறையாத வரைக்கும் அதன் ஈரத்தை வாங்கிக்கொண்டு வருகிற மேகத்தில், உறைநிலைக்குக் கீழே போயும் உறையாத நீர்த்துளிகள் நிறைந்திருக்கும். இறக்கையில் பட்டதும் பனிக்கட்டி. அதை உதறித் தள்ள 172-இல் எந்த வசதியும் கிடையாது. அதனால்தான் குளிர்காலம் முழுக்க எங்கள் ஊர் ஃப்ளையிங் ஸ்கூலின் சிமுலேட்டரை வாடகைக்கு எடுக்கிறேன்.

மூடிய காக்பிட், சுற்றிலும் திரை, அடியில் அசையும் மேடை. எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி பெற்ற ஏஏடிடி என்ற பயிற்சிக் கருவி வகை. தொடர்ந்து மேகத்துக்குள் பறக்க ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டிய ஆறு அப்ரோச் (கருவிகளைப் பார்த்தே ரன்வேயை நோக்கி இறங்குவது), ஹோல்டிங் (வானில் சுற்றிக் காத்திருப்பது) எல்லாவற்றையும் இதிலேயே முடித்து லாக்புக்கில் எழுதலாம். 2018-இல் விதி மாறியதிலிருந்து அதற்கு இன்ஸ்ட்ரக்டர் கூட இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் எவ்வளவு பறந்தாலும் இந்தக் கணக்கில் சேராது. வாடகையோ விமானத்துக்குக் கொடுப்பதில் பாதிகூட வராது.

ஆனாலும் இன்ஸ்ட்ரக்டருக்குத் தனியாகக் காசு கொடுத்து உட்கார வையுங்கள் என்பேன். என்ன கெடப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் பயிற்சியின் பாதிப் பயன் போய்விடும். சிமுலேட்டரில் மிச்சிகனின் டிராவர்ஸ் சிட்டிக்குக் கிளம்பி மேகத்துக்குள் ஏறும்போது அவர் பின்னால் இருந்தபடி சத்தமில்லாமல் பிட்டோ ட்யூபை (வேகத்தை அளக்கக் காற்றை உள்வாங்கும் குழாய்) அடைத்துவிடுவார். காற்று நுழையும் துளை, நீர் வடியும் துளை இரண்டும் அடைபட்டால் உள்ளே பழைய காற்று சிக்கிக்கொள்ளும். மேலே ஏற ஏற வெளியழுத்தம் குறையும். ஏர்ஸ்பீடு முள் ஏறிக்கொண்டே போகும். வேகம் கூடுகிறதே என்று கை தானாக மூக்கைத் தூக்கப் பார்க்கும். உண்மையில் வேகம் செத்துக்கொண்டிருக்கும்.

1974 டிசம்பர் 1 அன்று நியூயார்க் அருகே ஒரு போயிங் 727 இப்படித்தான் விழுந்தது. அந்தக் குழாயைச் சூடாக்கும் பிட்டோ ஹீட் போடப்படவில்லை. முள் காட்டிய வேகத்தை நம்பி மூக்கைத் தூக்கிக்கொண்டே போனதில் விமானம் ஸ்டால் ஆனது, அதாவது இறக்கைகள் தூக்கும் சக்தியை இழந்தன. அதிலிருந்த மூன்று பேரும் இறந்தார்கள். படித்தபோது எனக்கு இது வெறும் தகவல். சிமுலேட்டரில் அந்த முள் நகர்வதைப் பார்த்த பிறகுதான், இவ்வளவு மூக்குக் கோணம், இவ்வளவு ஆர்பிஎம் என்றால் இவ்வளவு வேகம் என்ற பட்டியலை முழங்கால் பலகையில் ஒட்டிவைத்தேன். நிஜ மேகத்தில் யாரும் இதைப் பழகவே முடியாது.

இன்ஸ்ட்ரக்டர் குளிருக்கான உயரத் திருத்தத்தையும் விடமாட்டார். கடுங்குளிரில் உயரமானியான ஆல்டிமீட்டர் காட்டுவதைவிட விமானம் தாழ இருக்கும். தரையில் மைனஸ் 20 டிகிரி என்றால், ஐசிஏஓ (சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) அட்டவணைப்படி விமான நிலையத்துக்கு மேல் 1000 அடிக்கு 140 அடி கூட்ட வேண்டும். பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினால்தான் அப்ரோச்சைத் தொடங்கவே விடுவார். கன்ட்ரோலர் கொடுத்த உயரத்தில் நாமாகக் கை வைக்கக் கூடாது, சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்பதால் அந்த ரேடியோ பேச்சையும் சேர்த்தே பழக்குகிறார்.

குறைகளும் உண்டு. மேடை நன்றாகக் குலுங்குகிறது, ஆனால் உடம்பை ஏமாற்றத் தெரியவில்லை. நிஜத்தில் நீண்ட திருப்பத்திலிருந்து நேராக்கியதும் எதிர்ப்பக்கம் சாய்கிற மாதிரி ஒரு பிரமை வரும். அது இங்கே வருவதில்லை. பனிக்கட்டி சேரும் விதமும் ரொம்ப ஒழுங்காக இருக்கிறது: வேகம் படிப்படியாகக் குறைகிறது, தப்பிக்க நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. இதை நம்பி வெளியே யாராவது துணிந்துவிடுவார்களோ என்று எனக்கு உண்மையிலேயே கவலை. வழுக்கும் ரன்வேயில் பிரேக் பிடிப்பதெல்லாம் சுத்தமாகத் தேறாது. அறையும் கதகதப்பு. கையுறையோடு உட்காருங்கள்; ஜிபிஎஸ் நாப்பைத் திருப்பிப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

எந்த ஸ்கூலுக்குப் போனாலும் அந்த சிமுலேட்டருக்கு எஃப்ஏஏ கொடுத்த அனுமதிக் கடிதத்தை முதலில் கேட்டு, காலாவதி தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். வார நாள் மாலை என்றால் இடம் சுலபமாகக் கிடைக்கும்.