செல்ஃப் ஸ்டார்ட் ஜெனரேட்டரை ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. எங்கள் பெட்ரோல் ஜெனரேட்டருக்கு இருந்த கோளாறு அவ்வளவுதான். கயிறு இழுத்தால் நன்றாகவே ஓடியது. பட்டறையில் காட்டினேன். செல்ஃப் மோட்டார், அதாவது எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பிவிடும் மோட்டார், போய்விட்டது என்றார்கள். புது மோட்டார், புது ரிலே (சாவியைத் திருப்பும்போது மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), வயரிங் வேலை என்று பில் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து வெளியே திறந்தவெளியில் வைத்து ஸ்டார்ட் செய்தேன். உடனே கிளம்பியது. ஆனால் சாவியிலிருந்து கையை எடுத்த பிறகும் செல்ஃப் நிற்கவில்லை. சாவியை ஆஃப் செய்தேன். பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்குக்குப் போகும் கரண்ட் நின்றது, செல்ஃப் மட்டும் எஞ்சினை விடாமல் உருட்டிக்கொண்டே இருந்தது. ரிலேக்குள் இருக்கும் இரண்டு செம்பு முனைகளும் சூட்டில் ஒட்டிக்கொண்டால் இப்படித்தான் ஆகும். பேட்டரி கரண்ட் நேராக மோட்டாருக்குப் போய்விடும், சாவிக்கு அதில் வேலையே கிடையாது. பெட்ரோல் காக்கை (பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் திருகை) மூடிவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை உருவிய பிறகுதான் அடங்கியது. உருவும்போது பொறி பறந்தது. பக்கத்தில் கொஞ்சம் பெட்ரோல் கசிந்திருந்தாலும் கதை வேறு.

அப்புறம் வேறொரு மெக்கானிக்கை வைத்துப் பிரித்துப் பார்த்தோம். 'புது' மோட்டாரின் மேல் கறுப்பு பெயிண்ட் பளபளத்தது. போல்ட் தலையிலும் அதே பெயிண்ட், அதன் அடியில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு. உள்ளே மோட்டாரின் சுழலும் பாகத்துக்குக் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்து கட்டையாகக் கிடந்தது. எங்கள் பழைய மோட்டாருக்கே பெயிண்ட் அடித்துத் திருப்பித் தந்திருக்கிறார்கள். ரிலே ஏதோ பைக்கிலிருந்து கழற்றியது. இந்த மோட்டார் இழுக்கும் கரண்டை அது தாங்காது, ஒட்டிக்கொண்டதற்குக் காரணமும் அதுதான். ப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியை மடித்துச் செருகியிருந்தார்கள்.

இதையெல்லாம்விட எனக்கு ஆத்திரம் வந்தது ஆயில் சென்சாரைப் பார்த்துத்தான். ஆயில் குறைந்தால் எஞ்சினை ஓடவிடாமல் நிறுத்துவது அது. அதன் வயரை வெட்டி டேப் சுற்றி ஒளித்து வைத்திருந்தார்கள். கேட்காமல், சொல்லாமல். ஆயில் வற்றிய நிலையில் எஞ்சின் ஓடி பிஸ்டன் இறுகியிருந்தால் அதற்கும் ஒரு பில் வந்திருக்கும்.

உண்மையான கோளாறு பேட்டரி டெர்மினலில் இருந்தது. வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது, அதன் மேலேயே கிரீஸ் தடவி மூடியிருந்தார்கள். கேபிளைக் கழற்றி மாட்டியதில் கொஞ்சம் தொடர்பு கிடைத்துத்தான் அன்றைக்குக் கிளம்பியது போலிருக்கிறது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கியதும், அதே பழைய மோட்டார் புது பிரஷ்ஷோடும் சரியான ரிலேயோடும் நன்றாகச் சுற்றுகிறது.

ஆகவே 'டக்' சத்தம் மட்டும் வந்தால் மோட்டாரை மாற்றச் சம்மதிக்காதீர்கள். முதலில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முழு சார்ஜில் சும்மா இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அந்தப் பட்டறையில் இன்னொன்றும் பார்த்தேன். பிளக்கைக் கழற்றி, சிலிண்டர் ஹெட்டில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்து ஸ்பார்க் வருகிறதா என்று பார்த்தார்கள். எஞ்சின் சுற்றும்போது பிளக் ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி பீய்ச்சி அடிக்கும், பக்கத்திலேயே தீப்பொறி. முகத்துக்கு நேரே தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? ஓட்டையை மூடாமல் இப்படிச் செய்தால் உடனே தடுத்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ரிலேயின் இரண்டு முனைகளையும் இணைத்து ஸ்டார்ட் செய்து காட்டுவதும் இதே ரகம்தான். கியர் உள்ள உழவு எந்திரத்திலோ பிளேடு உள்ள புல்வெட்டியிலோ அப்படிச் செய்தால் பாதுகாப்பு சுவிட்சுகள் எதுவும் வேலை செய்யாது, கியரில் இருந்தாலும் கிளம்பிவிடும்.

ரிப்பேர் முடிந்து வந்த எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் அளவைப் பாருங்கள், ப்யூஸ் உறையைத் திறந்து பாருங்கள், நெகட்டிவ் கேபிளைக் கழற்ற ஸ்பேனர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஐந்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். கிளம்பாவிட்டால் ஒரு நிமிடமாவது மோட்டாரை ஆறவிட்டு மறுபடி முயலுங்கள்.

பட்டறைக்காரரிடம் எல்லாவற்றையும் எடுத்துப்போய்க் காட்டினேன். "சென்சார் இருந்தா அடிக்கடி நிக்கும் சார், எல்லாருக்கும் இப்படித்தான் பண்ணிக் கொடுக்கிறோம்" என்றார். பணம் திரும்ப வரவில்லை. அந்த 'எல்லாரில்' நீங்களும் இருக்கலாம், ஆயில் சென்சார் வயர் இணைப்பில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.