கரண்ட் போவது நின்ற பிறகும் இன்வெர்ட்டர் தேவையா? டர்பன் வீட்டில் நீண்டகால உபயோக அனுபவம்

தென்னாப்பிரிக்க நகரமான டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ விசேஷ வீட்டில் நாலு பேர் உட்கார்ந்தால் பேச்சு இன்வெர்ட்டரில் வந்து நிற்கிறது. “இப்பதான் கரண்ட் போறதே இல்லையே அண்ணே, அவ்வளவு காசை எதுக்குச் சுவத்துல மாட்டி வச்சிருக்கீங்க?” என்று ஒருவர் ஆரம்பிப்பார். “மறுபடி ஸ்டேஜ் ஆறு வரட்டும், அப்பப் பேசிக்கலாம் தம்பி” என்று பதில் வரும்; ஸ்டேஜ் கூடக் கூட மின்வெட்டும் கூடும். கரண்ட் போகுமா போகாதா என்பதிலேயே வாதம் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பெட்டிக்கு எப்படி ஒயரிங் செய்திருக்கிறது, உள்ளே என்ன அளவுகள் வைத்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்ததில், லாபமும் நஷ்டமும் ஆபத்தும் அந்த இரண்டில்தான் இருக்கின்றன.

இங்கே பேசுவது நடுத்தர வீடுகளில் சாதாரணமாகக் காணும் ஓர் அமைப்பு: 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் (வெளிக் கரண்ட், பேனல், பேட்டரி மூன்றையும் சேர்த்துக் கையாள்வது), 51.2 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று, கூரையில் 550 வாட் பேனல் ஆறு. பேட்டரியின் முழுக் கொள்ளளவு 5.12 யூனிட். அதில் 80 சதவீதத்தை எடுத்து, இன்வெர்ட்டர் தின்பதையும் கழித்தால் கைக்கு வருவது ஏறக்குறைய 3.7 யூனிட். ஃபிரிட்ஜ், டிவி, வைஃபை, விளக்குகள், கேட் மோட்டார் எல்லாம் சேர்ந்து சராசரி 400 வாட் என்றால் ஒன்பது மணி நேரம் ஓடும்.

நாட்டின் மின்சார நிறுவனமான எஸ்காம் கணக்கில் ஒரு ஸ்டேஜ் என்றால் 1000 மெகாவாட் வெட்டு. 2023 தான் எல்லாவற்றிலும் மோசமான வருடம். அப்போது பலரும் அவசரத்துக்கு வாங்கியது சக்கரம் வைத்த டிராலி இன்வெர்ட்டர்: 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி இரண்டு உள்ளே. ஸ்டேஜ் இரண்டு, மூன்றில் அவை நன்றாகவே உழைத்தன. ஸ்டேஜ் ஆறு வந்ததும் ஒவ்வொன்றாகப் படுத்தன. காரணம் தரமின்மை மட்டுமல்ல. லெட் ஆசிட் பேட்டரி 80 சதவீதம் வரை வேகமாக ஏறும். கடைசி 20 சதவீதத்துக்கு மட்டும் மூன்று நான்கு மணி நேரம் கேட்கும். ஒரு நாளில் மூன்று முறை கரண்ட் போனால் அந்தக் கடைசிப் பகுதி நிறையவே நிறையாது. நிறையாமல் கிடக்கும் தகட்டில் சல்பேட் கெட்டிப்படும், கொள்ளளவு சுருங்கும். இரண்டு மணி நேரம் தாங்கிய பெட்டி சில மாதத்தில் இருபது நிமிடத்தில் கூவ ஆரம்பித்தது இதனால்தான். பாதி நிறைந்த நிலையில் கிடப்பது லித்தியத்துக்குக் கெடுதல் இல்லை. விலை கூடுதல் என்றாலும் அதையே வாங்கச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆனால் லித்தியத்திலும் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. 48 வோல்ட் என்று விற்கும் பேட்டரிகளில் சிலவற்றில் 15 செல், சிலவற்றில் 16 செல். 16 செல்லுக்கு 55.2 வோல்ட் வரை சார்ஜ் ஏற்றலாம், ஒரு செல்லுக்கு 3.45 வருகிறது. அதே 55.2 வோல்ட்டை 15 செல் பேட்டரிக்குக் கொடுத்தால் ஒரு செல்லுக்கு 3.68. செல்லின் எல்லை 3.65 என்பதால் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பலகையான பிஎம்எஸ் பட்டென்று இணைப்பைத் துண்டிக்கும். வெளியில் தெரிவது “பேட்டரி நிறையும் நேரத்தில் எர்ரர் அடிக்கிறது” என்பது மட்டுமே. பேட்டரி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுத்துச் சண்டை போடுகிறார்கள். 15 செல் என்றால் 52.5 வோல்ட்டில் நிறுத்துங்கள். இன்வெர்ட்டரும் பிஎம்எஸ்ஸும் பேசிக்கொள்ளும் கேபிள் சரியாக இருந்தால் இந்தத் தொல்லையே வராது. அந்தக் கேபிளின் முனை இண்டர்நெட் கேபிள் மாதிரியே இருக்கும், உள்ளே ஊசிகளின் (பின்) வரிசை மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வீட்டில் கிடக்கும் நெட்வொர்க் கேபிளைச் செருகிவிட்டு “பேசவில்லை” என்று சொல்வதில் பயன் இல்லை. இரண்டு கையேடுகளிலும் உள்ள பின் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

2024 மார்ச் 26 முதல் லோட்ஷெடிங், அதாவது எஸ்காமின் இந்த முறைவைத்த மின்வெட்டு, நின்றது. 2025இல் சில நாட்கள் மட்டும் தலைகாட்டியது. அதன் பிறகு வந்திருப்பது புதுப் புகார்: “பேட்டரி 60 சதவீதம் காட்டுது, திடீர்னு 10க்கு விழுந்து அணைஞ்சுபோகுது.” இந்த வகைப் பேட்டரியின் வோல்டேஜ் நடுப்பகுதியில் கிட்டத்தட்ட மாறவே மாறாது. ஆகவே பிஎம்எஸ், உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் எண்ணித்தான் சதவீதம் சொல்கிறது. முழுதாக நிறையும்போதுதான் அந்தக் கணக்கு நேராகும். மாதக்கணக்கில் 30க்கும் 80க்கும் நடுவிலேயே ஓட்டினால் கணக்கு வழுக்கிக்கொண்டே போகும், செல்களும் ஒன்றுக்கொன்று ஏறுமாறாகும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 100 வரை ஏற்றி, அந்த நிலையில் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டால் போதும். எப்போதும் 100லேயே நிறுத்தி வைப்பதும் நல்லதல்ல, ஆயுள் குறையும்.

பாதுகாப்பு விஷயத்துக்கு வருகிறேன். மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் தனியாக ஓடும்போது அதன் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால், கரண்ட் கசிந்தால் துண்டித்து உயிரைக் காக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் சுவரில் இருக்கும், ஆனால் இருந்தும் பயனில்லை. பழுதான வாஷிங் மெஷினைத் தொட்டால் அந்த சுவிட்ச் விழாது, கரண்டைத் துண்டிக்காது. பலர் அந்த சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்து, விழுகிறது, சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைகிறார்கள். டெஸ்ட் பொத்தான் லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே உள்ளேயே ஒரு ரெசிஸ்டரை இணைக்கிறது; எர்த்தே இல்லாவிட்டாலும் விழும். உண்மையைச் சொல்வது மல்ட்டிமீட்டர். மெயின் பிரேக்கரை அணைத்து, வீடு பேட்டரியில் ஓடும்போது, பிளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் என்றால் இணைப்பு இருக்கிறது. 60, 100 என்று காட்டினால் நியூட்ரல் மிதக்கிறது, எலக்ட்ரீஷியனை அன்றைக்கே கூப்பிடுங்கள். இந்த இணைப்பு ரிலே வழியாக, கரண்ட் போனபோது மட்டும் சேர வேண்டும். நிரந்தரமாகச் சேர்த்துவிட்டால் கரண்ட் வந்ததும் எர்த் லீக்கேஜ் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். டிபி போர்டில் (வீட்டுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில்), கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில் ஓடும் அவசியச் சுற்றுகளின் நியூட்ரல் பட்டையும் மற்றவற்றின் பட்டையும் தனித்தனியாக இல்லாவிட்டாலும் இதே தொல்லைதான்.

பேட்டரி கேபிளையும் சொல்லிவிட வேண்டும். 5 கிலோவாட் முழுச் சுமையில் நூறு ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. 35 சதுர மி.மீ. செம்புக் கேபிள் வேண்டும். முனையில் உள்ள லக் ஹைட்ராலிக் கருவியால் அழுத்தியதாக இருக்க வேண்டும், சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கியது ஆபத்து. கெட்டிலையும் மைக்ரோவேவையும் சேர்த்து ஓட்டி, பத்து நிமிடம் கழித்து இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ஒவ்வொரு முனையையும் பாருங்கள். கேபிளைவிட முனை மட்டும் சூடாக இருந்தால் அங்கே போல்ட் தளர்ந்திருக்கிறது. மேலுறை பழுப்பாகும் வரை காத்திருக்க வேண்டாம். “லித்தியம் வெடிக்கும்” என்று பயப்படுகிறவர்கள் இந்தப் போல்ட்டைப் பற்றியும், கூரையில் பேனல் ஒயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர்களில் வெவ்வேறு கம்பெனியுடையவற்றை ஒன்றோடொன்று செருகியிருப்பதைப் பற்றியும் பயப்படட்டும். பேட்டரியைப் படுக்கையறையில் வைக்கக் கூடாது என்பதில் மாற்றுக் கருத்து கிடையாது.

ப்ரீபெய்ட் மீட்டர் வீடுகளில் பேனல் போட்ட பிறகு “யூனிட் முன்னைவிட வேகமாகத் தீருது” என்ற புகார் வரும். பல ப்ரீபெய்ட் மீட்டர்கள் வெளியே போகும் கரண்டையும் உபயோகமாகவே எண்ணும். சில மீட்டர்கள் ஃபால்ட் என்று அணைந்துவிடும். கரண்ட் வெளியே போகாமல் தடுக்கத்தான், அது எந்தப் பக்கம் எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கும் சிடி கிளாம்பை மெயின் ஒயரைச் சுற்றி மாட்டுகிறார்கள். அந்தச் சின்ன கருப்பு வளையத்தின் மேல் ஓர் அம்புக்குறி அச்சிட்டிருக்கும். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது இன்வெர்ட்டர் கையேட்டில் இருக்கிறது. அது திரும்பியிருந்தால் இன்வெர்ட்டர் ஏற்றுமதியை இறக்குமதி என்று எண்ணி இன்னும் அதிகமாக வெளியே தள்ளும். சரிபார்க்க, இரவில் பேட்டரி உபயோகத்தை நிறுத்திவிட்டுக் கெட்டிலைப் போடுங்கள். திரையில் கிரிட் பக்கம், அதாவது வெளியிலிருந்து வரும் கரண்ட், 2000 வாட் அதிகரிக்க வேண்டும், மைனஸ் குறி வரக்கூடாது. ஏற்றுமதி பூஜ்யம் என்ற இடத்தில் சும்மா பூஜ்யம் வைக்காமல் 20 முதல் 50 வாட் வரை எப்போதும் உள்ளே வரும்படி வைத்தால் மீட்டர் தொந்தரவு செய்யாது.

பேனல் பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழில் யூட்யூப் பார்த்துக் கற்றுக்கொள்கிறவர்கள் பேனல் தெற்கு நோக்கி இருக்க வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். அது தமிழ்நாட்டுக்கு. இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது. பேனல் வடக்கு நோக்கி, ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். டர்பனில் கோடைதான் மழைக்காலம், குளிர்காலம் வறண்டு தெளிவாக இருக்கும். அதனால் ஜூன், ஜூலையில் உற்பத்தி பயந்த அளவுக்கு விழுவதில்லை.

கடல் காற்று வேறு. பேனலைப் பிடிக்கும் கிளாம்ப் அலுமினியம், போல்ட் துருப்பிடிக்காத ஸ்டீல் என்று பார்த்து வாங்க வேண்டும். இன்வெர்ட்டருக்குள் எறும்பும் பல்லியும் கதகதப்புத் தேடிப் போய் பலகையில் ஷார்ட் ஆக்குவது இந்தப் பக்கம் அடிக்கடி நடக்கிறது. கீழே ஒயர் நுழையும் துளைகளை, ஒயரை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டால் அடைத்துவிடுங்கள். காற்றுப் போகும் வழியை மட்டும் அடைக்காதீர்கள். மாதம் ஒரு முறை தூசி வலையைக் கழற்றித் தட்டினால் போதும்.

இனி காசு. பேனல் இல்லாமல் பேட்டரி மட்டும் வைத்திருப்பவருக்கு மிச்சம் கிடையாது, செலவுதான். சும்மா இருக்கும்போதே இன்வெர்ட்டர் 50 வாட் தின்றால் மாதம் 36 யூனிட். கிரிட்டிலிருந்து ஏற்றி இறக்கும்போது நூற்றுக்குப் பத்து பதினைந்து வீணாகிறது. கேள்வி கேட்கும் தம்பி சொல்வது இவர்கள் விஷயத்தில் சரி. பேனல் இருந்தால் நிலைமை வேறு: 3.3 கிலோவாட் பேனலில் நாளுக்கு 10 யூனிட்டை வீட்டுக்குள்ளேயே செலவழிக்க முடிந்தால் மாதம் 300. யூனிட் மூன்று ராண்ட் என்று வைத்தாலும் 900 ராண்ட். எஸ்காமின் நேரடி வாடிக்கையாளர்களுக்கு 2023 ஏப்ரலில் 18.65 சதவீதம், 2024இலும் 2025இலும் தலா 12.74 சதவீதம் கட்டணம் ஏறியது. மூன்றும் சேர்ந்தால் ஒன்றரை மடங்கு. டர்பன்காரர்கள் நகராட்சியிடம் வாங்குவதால் சதவீதம் மாறும், திசை ஒன்றே.

அந்தப் பத்து யூனிட்டைச் செலவழிப்பதில் பெரிய கை கீசர்தான். 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக 7 யூனிட் வேண்டும். 3 கிலோவாட் எலிமென்ட்டைக் கழற்றி 2 கிலோவாட் போட்டு, டைமரை காலை பத்திலிருந்து இரண்டு வரை வைத்தால் பெரும்பகுதி வெயிலிலேயே ஆகிவிடும். மற்ற சுமையைக் குறைத்து வைத்தால் 5 கிலோவாட் இன்வெர்ட்டர் இதைத் தாங்கும். கரண்ட் போன நேரத்தில் மட்டும் கீசர் பேட்டரியில் ஓடக்கூடாது. ஆகவே அதன் இணைப்பு அவசியமற்ற பக்கத்தில் இருக்கட்டும். மாலையில் பேட்டரியை 40 சதவீதத்துக்கு இறங்கும் வரை உபயோகித்து நிறுத்துங்கள். மிச்சம், கேபிள் திருட்டாலும் சப்ஸ்டேஷன் பழுதாலும் கரண்ட் போகும் நேரத்துக்கு.

அரசாங்கம் என்ன செய்தது என்பதில் கோபம் இன்னும் தீரவில்லை. 2023 மார்ச் முதல் 2024 பிப்ரவரி முடிய பேனல் விலையில் 25 சதவீதம், உச்சம் 15,000 ராண்ட் வருமான வரிச் சலுகை கிடைத்தது. புதுப் பேனலுக்கு மட்டும். இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் கிடையாது. இருட்டில் தவித்து முதலில் பேட்டரி வாங்கியவர்கள் கைவிடப்பட்டார்கள் என்பது நியாயமான வருத்தம். பதிவு செய்வதை மட்டும் அந்தக் கோபத்தோடு சேர்க்க வேண்டாம். கிரிட்டோடு இணைந்த அமைப்பை நகராட்சியில் பதிவு செய்வதும், புது ஒயரிங்குக்கு அது விதிப்படி இருக்கிறது என்ற சிஓசி சான்று வாங்குவதும், கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிருக்காக. தீ விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் முதலில் கேட்பதும் அந்தச் சான்றைத்தான். வீடு விற்கும்போதும் இரண்டு வருடத்துக்கு உட்பட்ட சான்று வேண்டும்.

இப்போது பலர் விற்கிறார்கள், பழைய பேட்டரி மலிவாகக் கிடைக்கிறது. வாங்குவதில் தப்பில்லை, நாலு விஷயம் பார்த்தால். லேப்டாப்பை இணைத்து பிஎம்எஸ்ஸில் சைக்கிள் எண்ணிக்கையை, அதாவது எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதை, காட்டச் சொல்லுங்கள். 6000 என்று எழுதியதில் 700, 800 ஓடியிருந்தால் கவலை இல்லை. பாதி சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது மேலான செல்லுக்கும் கீழான செல்லுக்கும் வித்தியாசம் 30 மில்லிவோல்ட்டைத் தாண்டக்கூடாது. வாரண்டி பெயர் மாறுமா, எத்தனை மெகாவாட்-மணி வரை என்று அட்டையில் பாருங்கள். கடைசியாக, முழுதாக ஏற்றிய பேட்டரியில் 1 கிலோவாட் ஹீட்டரை மாட்டி நேரம் பாருங்கள், 5.12 யூனிட் பேட்டரி நாலு மணி நேரம் தாண்டவில்லை என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், மூன்றைத் தாண்டவில்லை என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.